கடைசித் தட்டில் இருந்த புத்தகம்

புத்தகத்தை வாங்கிப் படிப்பதா, நூலகத்தில் எடுத்துப் படிப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. வாங்க வேண்டும் என்பது அப்பா கட்சி. எடுத்தால் போதும் என்பது சித்தப்பா கட்சி. அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். சித்தப்பா பி.ஏ. எங்கள் வீட்டில் படிக்காதவருக்குத்தான் புத்தகம் சொந்தமாக இருக்கவேண்டும் என்று ஆசை.

தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவின் கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். சித்தப்பா படிப்பை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தார். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். வரப்போகும் அரசாங்க குமாஸ்தா தேர்வை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

அந்தத் தேர்வுக்கென்று ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. கள்ளக்குறிச்சி நூலகத்தில் அது ஒரே ஒரு பிரதி, சிவப்புக் காலிகோ அட்டை போட்டது. சித்தப்பா அதை எடுத்துவந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை முத்திரை வைத்துப் புதுப்பித்து, சொந்தப் புத்தகம் மாதிரியே வைத்திருந்தார். கரும்புக் காசில் வாங்கித் தருகிறேன் என்று அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய அவுத்துப் போட்டாளாம். சொந்தமா ஒண்ணு வாங்கி வெச்சிக்கினு படிடா."

"ஊரே தண்ணி மொள்ற கெணறு இருக்கிறப்போ வூட்டுக்கு வூடு யாராவது கெணறு வெட்டுவாங்களாண்ணா?" என்றார் சித்தப்பா.

"கோடையில தண்ணி கம்மியானா தெரியும்" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்தது. சித்தப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் சுவரில் எழுதும் வேலை அவருடையது. 'எங்கள் பங்கை எங்களுக்குக் கொடு' என்று அவர் காவியில் எழுத, நான் பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அப்போது பத்து வயது. பங்கு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலை மிட்டாயில்தான்.

நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு புத்தகத்தை இரண்டு முறைதான் புதுப்பிக்கலாம். பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் அதே ஆள் மறுபடி எடுக்கலாம். அந்த ஒரு வாரத்தில் வேறு யாராவது எடுத்துவிட்டால் சித்தப்பாவின் கதை கந்தல். அதற்கு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். சனிக்கிழமைகளில் அவர் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போய் நூலகத்தில் விட்டுவிட்டுப் போவார். கெடு முடிந்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நூலகர் பதிவேட்டில் குறித்ததும், "நானே அலமாரில வெச்சிடறேன் சார்" என்று வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சிறுவர் பகுதியின் கடைசித் தட்டில் பழைய சிறுவர் பத்திரிகைகளைத் தைத்த தொகுப்புகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் அதைச் செருகச் சொன்னார்.

"அட்த்த வாரம் வந்து எடுத்துக்கலாம். வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். நான் அந்தத் தட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படக்கதை படித்தேன்.

அரை மணி நேரத்தில் ஓர் அக்கா வந்தாள். இருபது வயது இருக்கும். கையில் துணிப்பை. கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்பது அவள் நூலகரிடம் பேசியதில் தெரிந்தது. கேட்டது அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தைத்தான். நூலகர் பதிவேட்டைப் பார்த்து, இப்போதுதான் வந்தது, நல்ல நேரத்தில் வந்தாய் என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அலமாரியில் தேடினார்கள். பக்கத்து அலமாரியிலும் மேசைக்கு அடியிலும் தேடினார்கள். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார்.

"இது மூணாவது தபா சார். வரும்போதெல்லாம் இல்லன்றீங்க."

"இன்னாம்மா பண்றது? பஸ் ஸ்டாண்டாண்ட புக் கடைல கெடைக்குது, வாங்கிக்கயேன்."

"வாங்கறதா இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?"

அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பாப்பா, நீ வாரா வாரம் வருவியா?"

"சனிக்கெழம வருவேன்க்கா."

"செவப்பு அட்ட போட்ட குண்டு புஸ்தகம் ஒண்ணு. கண்ல பட்டா எனக்குன்னு எடுத்து வெக்கிறியா? நான் மலையிலேர்ந்து எறங்கி வர்றதுக்குள்ள யாராவது எடுத்துக்கினு பூடறாங்க. வேற யாருக்கும் குட்த்துடாத."

"சரிக்கா. சத்தியமா."

சத்தியம் செய்யும்போது புத்தகம் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் சித்தப்பா, அடுத்து இந்த அக்கா என்று மனதுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். பழத்தை அங்கேயே தின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் போய்விட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது இதை அப்படியே நடித்துக் காட்டினேன். நூலகர் கண்ணாடி துடைத்ததைச் செய்து காட்டியபோது அம்மாவுக்குப் புரையேறியது. சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை பங்கு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். எங்கள் ஊர் எல்லையில் சித்தப்பா ரம்பம் பிடித்தார். அப்பா கயிறு இழுத்தார். ஒரு வாரம் பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. போலீஸ் வந்தபோது ஆண்கள் எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்துகொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை யாரும் கள்ளக்குறிச்சிக்குப் போகமுடியவில்லை.

மரங்களை அப்புறப்படுத்திய மறுநாளே அப்பா சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்குப் போனார். மத்தியானம் திரும்பிவந்து, புத்தம் புதிய வழிகாட்டி ஒன்றைச் சித்தப்பாவின் முன்னால் வைத்தார்.

"நம்ம பங்கக் கேட்டு ரோட்ல கெடந்தோம். நீ அந்தப் பொண்ணு பங்க பொம்ம பொஸ்தகத்துக்குப் பின்னால சொருவி வெச்சிருக்கிற. உனக்கே நல்லா இருக்குதா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னிடம், சனிக்கிழமை போனதும் அதை வெளியே எடுத்து நூலகரிடம் கொடுத்துவிடச் சொன்னார். கடைசியில் அப்பா கட்சி ஜெயித்துவிட்டது, புத்தகம் வாங்கியாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை நூலகத்துக்குள் நுழைந்ததுமே, அந்த மலைக்கார அக்கா வந்தாளா என்று நூலகரிடம் கேட்டேன். பஸ் விட்டதும் புதன்கிழமை வந்தாள், வழக்கம்போலத் தேடிவிட்டுப் போனாள் என்றார். புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேனே! தட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். புத்தகம் பத்திரமாக இருந்தது. வெளியே எடுத்துவிட்டு யோசித்தேன். நூலகரிடம் கொடுத்தால் அவர் அலமாரியில் வைப்பார். அலமாரியில் வைத்தால் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. சத்தியம் செய்திருக்கிறேன். மறுபடி அதே இடத்தில் செருகினேன். கொடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா விழுப்புரம் போய் அந்தக் குமாஸ்தா தேர்வை எழுதிவிட்டு வந்தார். பிற்பாடு தேறவும் தேறினார். வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

தேர்வு முடிந்த பிறகும் மூன்று சனிக்கிழமை நான் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அண்ணன் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தபோதுகூட நகராமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா வரவில்லை. நாலாவது சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளை நம்பி நான் இத்தனை வாரம் காவல் இருக்க, அவளுக்குப் படிப்பில் கொஞ்சமாவது அக்கறை இருந்தால் வந்திருக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டேன்.