கொட்டை எழுத்தில் வராத வியாதி

அந்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு வரிசையில் நின்றவர்கள் வைத்த பெயர் நார்மலக்கா. அவள் நார்மலாகப் பேசுவாள் என்பதற்காக வைத்த பெயர் அல்ல. கண்ணாடியில் குடைந்த அரைவட்ட ஓட்டை வழியாகக் காகிதத்தைத் தள்ளும்போதே "நார்மல், நகரு" என்று இரண்டு சொல்லில் மனிதர்களை வாசலுக்கு அனுப்பிவிடுவாள். அதற்கு மேல் யாராவது வாயைத் திறந்தால், "எல்லாம் எழுதியிருக்குல்ல? கண்ணை எங்க, பாக்கெட்லயா வச்சிருக்க?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அவளுடைய வைத்திய ஞானம் ரொம்பச் சுருக்கமானது. எந்த அளவாவது எல்லையைத் தாண்டினால் கம்ப்யூட்டர் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும். ஒரு நாளைக்கு முன்னூறு ரிப்போர்ட். அத்தனையையும் உட்கார்ந்து படிக்க அவள் என்ன பரீட்சையா எழுதப் போகிறாள்? பக்கங்களை விசிறுவாள், கறுப்பைத் தேடுவாள். கறுப்பு இருந்தால் "டாக்டரைப் பாரு". இல்லாவிட்டால் அந்த இரண்டு சொல். டாக்டரிடம் காட்டப் போனால் அரை நாள் போகும், நார்மலக்காவிடம் அரை நிமிடம். ஆகவே ஜனங்கள் திட்டிக்கொண்டே அவளையே நம்பினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் கண்டக்டர் ஒருத்தி வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"யாரு இங்க நார்மலு?"

"வரிசைல வா."

"வரிசைல நின்னுதான் மூணு வருஷத்துக்கு முன்னாடி இதை வாங்கினேன்." பழைய ரிப்போர்ட்டைக் கண்ணாடியில் அறைந்தாள். "எச்.பி.வி. டெஸ்டு. டிடெக்டட்னு போட்டிருக்கே, என்னன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"தினம் முன்னூறு மூஞ்சி பாக்கறேன். யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. 'மெஷின் டெஸ்ட் எடுத்து முடிச்சிடுச்சுன்னு அர்த்தம். நார்மல், நகரு'ன்ன. நகந்துட்டேன். இப்ப கர்ப்பப்பை வாயில புற்றுநோயாம். இப்ப எங்க நகரணும், சொல்லு."

நார்மலக்கா காகிதத்தை எடுத்தாள், புரட்டினாள், நிமிர்ந்தாள்.

"கொட்டை எழுத்துல எங்க இருக்கு? காட்டு. இல்லல்ல? அப்ப நான் சொன்னது சரிதான்."

எந்தச் சண்டையிலும் தோற்று அவளுக்குப் பழக்கமில்லை. இதிலும் ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவளை வரிசையே புழுவைப் போலப் பார்த்தது.

உள்ளறையில் ரத்தம் எடுக்கும் ஊசிக்காரி சத்தம் கேட்டு வந்தாள். அவளுக்கும் நார்மலக்காவுக்கும் ஒரு மின்விசிறி விஷயமாகப் பதினோரு வருடப் பகை. காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அக்கா, கம்ப்யூட்டர் நம்பரைத்தான் கறுப்பாக்கும். இது வார்த்தை. வார்த்தைக்கு எது கூட, எது குறைச்சல்னு அதுக்கு என்ன தெரியும்? டிடெக்டட்னா புற்றுநோயைக் கொண்டுவர்ற அந்தக் கிருமி இருக்குன்னு அர்த்தம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ இப்படி படிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ முழுசா படிக்கறேன்னுல்ல நெனச்சேன்!"

நார்மலக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். அதில் இருந்த தேதி கண்ணில் பட்டது. அதே மாதம்தான் முதலாளி பெரிய மனது பண்ணி, ஊழியப் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்தார். தன்னுடைய ரிப்போர்ட்டையும் அவள் இப்படித்தான் விசிறினாள். கறுப்பு இல்லை. தன்னையே நகரச் சொல்லி, பீரோவில் துணிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

மதியம் வீட்டுக்கு ஓடினாள். பீரோவைக் குடைந்து எடுத்தாள். மெல்லிய, சாதுவான எழுத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல், அதே டிடெக்டட்.

அன்று வேலை இல்லாமல் வீட்டில் இருந்த கணவர், லிப்ட் மெக்கானிக், விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் நீதிபதியாக மாறியது.

"உடலுறவு மூலமா பரவுமாமே. யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

புற்றுநோயா என்று கேட்கவில்லை பாருங்கள். முகவரி கேட்கிறார்.

"நான் பத்தொன்பது வருஷமா ஒரு கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்திருக்கேன்," என்றாள் அவள். "அதுல இருக்கற ஓட்டை வழியா ஒரு கைகூட முழுசா உள்ள வராது. நீங்க ஊர்ல இருக்கற மாடியெல்லாம் ஏறி இறங்கறவரு. கேள்வியை யார் யாரைக் கேக்கணும்?"

அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் சேர்ந்து போனார்கள், பஸ்ஸில் வேறு வேறு இருக்கையில்.

டாக்டரம்மாவுக்கு நார்மலக்காவைவிடக் கடுகடுத்த முகம். மெக்கானிக் அங்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஏங்க, இது பாதிக்கு மேல மனுஷங்களுக்கு வாழ்க்கைல ஒரு தடவையாவது வர்ற கிருமி. உங்களுக்கும் வந்து போயிருக்கலாம், தெரிஞ்சிருக்காது. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். விரட்டாம தங்கிட்டாத்தான் ஆபத்து. இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்ததாவும் இருக்கலாம். யார் கொடுத்தாங்கன்னு சொல்ற டெஸ்டே கிடையாது. உங்க லிப்ட்ல மொதல்ல பட்டனை அமுக்கினது யாருன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். இப்ப வெளிய உக்காருங்க."

மெக்கானிக் வெளியே உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு அழகாக அவரை யாரும் மூக்குடைத்ததில்லை. நார்மலக்காவால் அதை ரசிக்க முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

"மூணு வருஷம் போச்சே டாக்டர். எனக்கு வலிகூட இல்லயே."

"வலிக்காது. கிருமி தங்கினா, கர்ப்பப்பை வாயில செல்லு மெதுவா மாறும். அது புற்றுநோயாக சாதாரணமா பத்து, பதினஞ்சு வருஷம் ஆகும். ஆனா உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரொம்பத் தாமதம்."

மருந்து தடவி, வெளிச்சம் போட்டுப் பார்த்தார். வெள்ளையாகத் திட்டுகள். சிட்டிகை அளவு சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார். பத்து நாளில் தெரியும் என்றார்.

அந்தப் பத்து நாளும் ஜன்னலில் ஒரு விபரீதம் நடந்தது. நார்மலக்கா ரிப்போர்ட்டைப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. புரியாத வரிக்கு ஊசிக்காரியைக் கூப்பிட்டாள். வரிசை மாடிப்படி தாண்டித் தெருவுக்குப் போனது. "பழைய நார்மலே தேவலை!" என்று கத்தினார்கள். முதலாளி வந்து கத்தினார். "நீங்க சொல்லுங்க சார், 'நார்மல், நகரு'ன்னு. உங்க வாயால சொல்லுங்க," என்று ஓட்டையைக் காட்டினாள். அவர் தன் அறைக்கு நகர்ந்தார்.

டிடெக்டட் என்று வந்தவர்களின் பட்டியலையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டாள். முப்பத்திநாலு பெண்கள். மதிய இடைவேளையில் போன் போட்டாள். ஏழு பேர் ஏற்கெனவே டாக்டரைப் பார்த்திருந்தார்கள். மற்றவர்களில் ஒருத்தி அழுதாள், ஒருத்தி போலீசுக்குப் போவேன் என்றாள், ஒருத்தியின் மாமியார் போனை வாங்கி, நார்மலக்காவே கேள்விப்படாத வார்த்தைகளில் திட்டினாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். மாற்றம் முற்றியிருக்கிறது, ஆனால் புற்றுநோய் ஆகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்துவிடலாம். கால் மணி நேர வேலை. பிறகு தவறாமல் வந்து காட்ட வேண்டும். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தாள், கையில் தடித்த பைல். அவளுக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும். அதற்கப்புறம் என்னவென்று எடுத்த பிறகுதான் சொல்வார்களாம்.

"உனக்கு என்னவாம்?"

"இன்னும் முத்தலயாம். சீவி எடுத்தா போதுமாம்."

கண்டக்டர் பைலை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நான் வந்து கத்தினதால நீ வந்த. எனக்கு யாரு வந்து கத்தினா?"

நார்மலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மன்னிச்சிருன்னு மட்டும் சொல்லாத. அடிச்சிருவேன்."

"சொல்லல."

"எல்லாருக்கும் போன் போடறியாமே, உங்க ஊசிக்காரி சொன்னா. இன்னும் எத்தனை பேருக்கு போடல?"

"ஒம்பது."

"போடு. இங்கயே போடு. என் காதுல விழணும்."

போட்டாள். எடுத்தவளிடம் தான் யார், மூன்று வருடத்துக்கு முன்னால் என்ன தப்பாகச் சொன்னாள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு பெஞ்சின் கடைசிவரை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"வச்சிட்டா."

"திரும்பப் போடு," என்றாள் கண்டக்டர்.