வாட்டம் விட்ட மேடை

என் தங்கை நாடக அரங்கில் வேலை செய்கிறாள். நடிக்கிறாளா என்று கேட்பவர்களிடம், "நடிக்கிறவங்களை நிக்க வைக்கிறா" என்று சொல்வேன். திரை இழுக்கப் போனவள், பிறகு விளக்கு, பிறகு மேடைச் சாமான்கள் என்று எல்லாம் பழகிக்கொண்டாள். எந்த நாற்காலி எங்கே, யார் எந்தத் தட்டி மறைவிலிருந்து நுழைவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நான் கொத்தனார். படிப்பு எட்டாவதோடு சரி. அவளுடைய மேடைப் பேச்சு எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. அவள் சொல்லும் இடது, வலது எல்லாம் நடிகர் சபையைப் பார்த்து நிற்கும்போது அவருக்குள்ள இடது, வலது. எதிரே இருந்து பார்ப்பவனுக்கு நேர்மாறு. ஒருமுறை வீட்டில் அலமாரியை நகர்த்தும்போது, "இடப்பக்கம் தள்ளுண்ணே" என்றாள். தள்ளினேன். அது என் மனைவியின் கால்மேல் ஏறியது.

"உங்க தங்கச்சி அலமாரிக்குள்ள நின்னு பேசுறாங்க" என்றாள் மனைவி.

அதேபோல் மேடையின் பின்பகுதிக்கு மேல்மேடை என்றும், சபையை ஒட்டிய முன்பகுதிக்குக் கீழ்மேடை என்றும் பெயர். "ஒரே பலகைத் தரையில ஏது மேல, கீழ?" என்று கேட்டேன். "ரசமட்டத்தை எடுத்துட்டு வா" என்றாள். மேடையில் வைத்துப் பார்த்தால் குமிழி பின்பக்கம் ஓடியது. குளியலறையில் தண்ணீர் ஓட வாட்டம் விடுவோமே, அதுபோல மேடை முழுக்கச் சபையை நோக்கி வாட்டம். அந்தக் காலத்தில் பார்ப்பவர்கள் உட்காரும் தரை மட்டமாக இருந்ததால், பின்னால் நிற்கும் நடிகரும் தெரிய வேண்டுமென்று மேடையைச் சாய்த்தார்களாம். பிற்பாடு கட்டியவர்கள் மேடையை மட்டமாக்கி, இருக்கைகளை ஏற்றமாக வைத்தார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது. இவளுடைய அரங்கு பழையது. பெயரோடு சாய்வும் நிற்கிறது.

மேடைப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்கு வெளியாள் ஒருவரைக் கொண்டுவர மேனேஜர் நினைத்திருந்தார். தங்கை அதைத் தனக்குக் கேட்டதால், "அடுத்து வர்ற நாடகத்தை நீ நடத்து. ரெண்டு நாளும் புகார் வராம இருந்தா பார்க்கலாம்" என்றார்.

வந்தது வெளியூர்க் குழு. அதன் தலைவருக்குத்தான் ராஜா வேஷம். சாகக் கிடக்கும் ராஜாவுக்குச் சக்கரம் வைத்த கட்டில். அது தனி வண்டியில், ஒத்திகை முடிந்த பிறகுதான் வந்தது. மேல்மேடையில் அதற்கு அவள் முன்பே சாக்குக்கட்டியால் குறி போட்டு வைத்திருந்தாள்.

முதல் நாள் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இளவரசன் அழுதுகொண்டே கட்டில்மேல் சாய்ந்தான். கட்டில் நகர்ந்தது. பிடித்தான், அது அவனையும் இழுத்துக்கொண்டு மெல்லச் சபையை நோக்கி வந்தது. கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத ராஜா கண்ணை அகலத் திறந்தார்.

தட்டி மறைவிலிருந்து இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். தங்கைதான் அனுப்பியிருக்கிறாள்.

"இன்னும் சாகலடா" என்றார் ராஜா.

அரங்கமே சிரித்தது. சாவுக் காட்சி போயே போய்விட்டது.

திரை விழுந்ததும் உள்ளே ஓடினேன். தலைவர் கிரீடத்தோடு கத்திக்கொண்டிருந்தார். "யாரும்மா கட்டிலை வெச்சது?"

"நான்தாங்க. மேடை வாட்டமா இருக்குன்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

"அதான் காலையிலேருந்து காலை இழுத்துச்சா! வண்டியில வந்த அலுப்புன்னு நெனச்சேன். தரை சாயுறதை எப்படிம்மா மறப்பே?"

"பழகிப்போச்சுங்க. வெளியே தெருவுலதான் எனக்குத் தரை ஒரு மாதிரியா இருக்கு."

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். வண்டி தாமதமாக வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது. "நீ பேசாம இருண்ணே" என்று பார்வையாலேயே அடக்கினாள்.

மறுநாள் குழுவில் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றச் சொல்லி, சாய்வு காலுக்குப் பிடிபடும்வரை மேடையில் மேலும் கீழும் நடக்கவைத்தாள். சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்தாள். இளவரசனைக் கட்டிலின்மேல் மூன்று தடவை விழுந்து அழச் சொன்னாள். "எனக்கு நிஜமாவே அழுகை வருதுக்கா" என்றான் அவன். அன்று ராஜா அசையாமல் செத்தார். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"புகார் உண்டா?" என்று தலைவரிடம் கேட்டார் மேனேஜர்.

"நேத்து உண்டு. இன்னைக்கு இல்ல."

மேனேஜர் யோசித்தார். "அப்போ பாதிக்குப் பாதி. இன்னும் ஒரு நாடகம் பார்ப்போம்."

"பாருங்க சார். நானும் எங்கேயும் போகல" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த குழு வந்தது. வண்டியிலிருந்து ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. அதற்குள் வாசலில் இவள். "சாமான் இருக்கட்டும். முதல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு மேடைக்கு வாங்க, நடந்து பாருங்க." அந்த நாடகத்துக்குப் புகாரே இல்லை. இப்போது அந்த அரங்கின் மேடைப் பொறுப்பாளர் என் தங்கைதான்.