மத்தியானம் படுக்க ஒரு காரணம்

ஜெர்மனிக்கு வந்த மூன்றாவது மாதம் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் எனக்குச் செவிலியர் வேலை. காலை பத்தரை ஆனால் எல்லோரும் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு ஓர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த அரை மணி இடைவேளைக்கு 'பௌஸெ' என்று பெயர். நான் போகமாட்டேன். எல்லோரும் காப்பி குடிக்கும்போது நான் மட்டும் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தால் நல்ல பெயர் வரும் என்று நினைப்பு. நைனார்பாளையத்தில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும், சொல்லுங்கள்? மேலாளர் அம்மாள் அழைத்தபோது பாராட்டத்தான் போகிறார் என்று தலையெல்லாம் வாரிக்கொண்டு போனேன். "நீ இடைவேளை எடுப்பதே இல்லை" என்றார். "பரவாயில்லை, எனக்கு வேண்டாம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேண்டுமா என்று நான் கேட்கவில்லையே. களைத்துப்போனவள் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவாள்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது.

நான்கு வருஷம் கழித்து மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரக் கட்டிலில் கல்வராயன் மலையைப் பார்த்தபடி படுத்துவிடுவேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். நான்காம் நாள் களமருதூரிலிருந்து அத்தை, ரொட்டியும் சாத்துக்குடியுமாக பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார்.

"இன்னாடி செல்வி ஒடம்புக்கு? பகல்லயே படுத்துக்கினு இருக்கியாமே?"

"ஒண்ணுமில்லத்த, சும்மாதான் படுத்தேன்."

"சும்மா யாருன்னா படுப்பாங்களா? மறைக்காத, சொல்லு."

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண் பகலில் படுத்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் கிடையாது. வெளிநாட்டில் ஏதோ பெரிய வியாதியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று பேச்சாகி, தினமும் நாலு பேர் பார்க்க வந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் டீ போட்டது அண்ணி என்பது ஐந்தாம் நாள்தான் என் மண்டையில் உறைத்தது.

அண்ணி விடியலில் பால் கறந்து, சோறாக்கி, மக்காச்சோளக் கொல்லையில் கூலியாட்களோடு களையெடுத்துவிட்டு வருபவர். அன்று ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையால் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் படுத்தால் என் வேலையும் சேர்ந்து யார் தலையில் விழுகிறது என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை.

"அண்ணி, நீங்க செத்த படுங்க. நான் பாத்துக்கிறேன்."

"நான் படுத்தா ஒங்க அண்ணன் பயந்துடுவாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வுடு."

காரணம்தானே வேண்டும்? அண்ணனுக்கென்று நான் வாங்கிவந்திருந்த பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவந்தேன். அத்தையும் அண்ணனும் பார்க்க, அண்ணியின் கையில் பட்டையைச் சுற்றினேன். என்ன எண் வந்தாலும் உதட்டைப் பிதுக்கி, "ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லி இரண்டு நாளாவது படுக்கவைப்பது என் திட்டம். எண் வந்தது. நடிக்கத் தேவையே இருக்கவில்லை. மறுபடி எடுத்தேன், அதேதான்.

"தல வலிக்குதா அண்ணி?"

"அது எப்பவும் வலிக்கிறதுதான" என்றார் சாதாரணமாக.

அன்று மாலையே சின்னசேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை, உப்புக் குறைப்பு, கொஞ்ச நாள் மத்தியான ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அண்ணி படுத்தார். ஊர் திரும்பவும் பார்க்க வந்தது. டீ நான் போட்டேன், மாட்டை அண்ணன் பார்த்துக்கொண்டார். முதல் நாள் அண்ணி தப்புச் செய்தவர்போலக் கண்ணை விழித்துக்கொண்டே கிடந்தார். மூன்றாம் நாள் குறட்டை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். ஜெர்மனியில் ஓய்வெடுக்காவிட்டால்தான் ஏனென்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நோய் வந்து சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது.

நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம். ஊரில் அப்போது மத்தியானம் மூன்று மணி. அண்ணி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே பேசினார்.

"படுக்கலியா அண்ணி?"

"டாக்டரு பாத்தாரு. பிரஷர் கம்மியாயிடுச்சாம், நல்லாயிட்டேனாம்." குரலில் சந்தோஷமே இல்லை. "நல்லாயிட்டப்புறம் எப்பிடிப் படுக்கறது?"

"படுத்ததாலயும்தான் அண்ணி கம்மியாச்சு! மாத்திரைய வுட்றாதீங்க, படுக்கறதயும் வுட்றாதீங்க. அண்ணன்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்" என்று கத்தினேன்.

"ஒங்க அண்ணன் ஒண்ணும் வேணாங்கல. எனக்கேதான் வெக்கமா இருக்குது. நீ இங்க இருந்தப்ப கூச்சமில்லாம படுத்தேன். இப்ப நீ அங்க இருந்துக்கினு படு படுன்னா?"

திரை முழுக்க அண்ணியின் முகம், வியர்வையும் வைக்கோல் தூசுமாக. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகம், நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.