நோன்பு நாளில் ஒரு மாத்திரை

என் அண்ணிக்கு இரண்டு இடங்களில் கெட்ட பெயர். பிரார்த்தனைக் கூடத்தில் 'மாத்திரைக்காரி'. மனநல ஆஸ்பத்திரியில் 'பக்திப் பைத்தியம்'. இரண்டையும் நான் காதாரக் கேட்டிருக்கிறேன். கேட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுத்தும் இருக்கிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணிக்கு அந்தக் கவலையே கிடையாது. "வச்சுட்டுப் போகட்டும். கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்னு சட்டமா?" என்பார்.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேஜைக்கு என்று எதற்குக் கண்ணாடி வேண்டுமானாலும் அவர்தான் வெட்டித் தருவார். அளவுகோலை அழுத்திப் பிடித்து, சின்னச் சக்கரம் வைத்த கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அண்ணிக்கு இரண்டாவது இழுப்பு தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகிச் சில வருடங்களில் அவருக்கு மனவியாதி வந்தது. தூக்கம் போயிற்று, பேச்சு நிற்கவில்லை. ஒருநாள் காலையில் கடையைத் திறந்து, இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாம் தெருவில் போவோர் வருவோருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அவரவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று கடவுள் உத்தரவு போட்டாராம். முதலாளி வந்து பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாங்கிப் போனவர்களில் ஒருவராவது திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்களா என்றால், அதுதான் இல்லை.

ஆஸ்பத்திரியில் லித்தியம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள், மனம் தாறுமாறாக ஏறி இறங்காமல் பிடித்து வைப்பதற்கு. அது பிடித்தும் வைத்தது. ஆனால் தினமும் பிரார்த்தனை செய்வதாக அண்ணி சொன்னபோதெல்லாம் டாக்டர் புருவத்தை உயர்த்துவார், கூடவே மாத்திரையின் அளவையும் உயர்த்துவார். அண்ணி உஷாராகிவிட்டார். "பிரார்த்தனையா? அதெல்லாம் விட்டாச்சு டாக்டர்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

கூடத்தில் கதை நேர்மாறு. அதை நடத்துபவரை எல்லோரும் அமைதி அண்ணன் என்பார்கள். "அமைதி!" என்று அவர் போடும் கூச்சலில் தூங்குகிற குழந்தைகள் வீறிட்டு அழும், அதனால் வந்த பெயர். கடவுளை நம்புகிறவனுக்கு மனசுக்கென்று மாத்திரை எதற்கு என்பது அவர் கட்சி. அண்ணிதான் அங்கே முன்வரிசையில் நின்று பாட்டைத் தொடங்கி வைப்பவர். அந்த இடத்தை உயிராக நினைத்தார். அதனால் அங்கே, "மாத்திரையா? அதெல்லாம் விட்டாச்சு" என்றார். ஆக, இரண்டு இடத்திலும் நல்ல பிள்ளை.

அப்புறம் நோன்பு வந்தது. சில நாட்களுக்குப் பகல் முழுவதும் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்றார்கள். கடும் கோடை வேறு. அண்ணி நோன்பையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால் இந்த மாத்திரை விஷமாகத் திரும்பும். அது தெரிந்த டாக்டருக்கு நோன்பு தெரியாது. நோன்பு வைத்தவர்களுக்கு மாத்திரை தெரியாது. இரண்டும் தெரிந்த அண்ணியால் யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாது.

கடையில் அவர் கை உதறத் தொடங்கியது. கோடு கோணலாகப் போயிற்று. நடை தள்ளாடி, நாக்கு குழறியது. கண்ணாடி வாங்க வந்த ஒரு மகராசன், "பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்திருக்கு பாரு" என்று சிரித்தானாம். முதலாளிக்கு அண்ணியைத் தெரியும். கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிழைத்தது அவர் புண்ணியம்.

கண் விழித்த அண்ணியைச் சுற்றி நின்று ஆளாளுக்கு நாட்டாமை செய்தார்கள். "இனிமே அந்தக் கூடத்துப் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். பார்க்க வந்த அமைதி அண்ணன், "மாத்திரை விஷம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். என் அண்ணன், அதிர்ந்து பேசத் தெரியாதவன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ரெண்டுல ஒண்ண விட்டுடும்மா. எதையாவது விடு. எனக்கு நீ உயிரோட வேணும்."

"எதையும் விட மாட்டேன்" என்றார் அண்ணி. குழறல் இன்னும் முழுதாகப் போகவில்லை. "எழுந்து உக்கார வச்சது மாத்திரை. எதுக்கு எழுந்தோம்னு சொன்னது பிரார்த்தனை. ஒண்ணுகிட்ட இன்னொண்ண மறச்சேன் பாருங்க, அதத்தான் விடப்போறேன்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

உடம்பு தேறியதும் அவரோடு டாக்டரிடம் போனேன். "நான் பொய் சொன்னேன் டாக்டர். தினமும் பிரார்த்தனை பண்றேன். இனியும் பண்ணுவேன்" என்றார் அண்ணி. டாக்டரின் புருவம் ஏறியது. "மொதல்ல அந்தப் புருவத்த எறக்குங்க, பேசலாம்."

டாக்டர் கோபப்படவில்லை. "கடவுள் உத்தரவு போட்டாருன்னு சொல்லிதானே அன்னைக்கு வந்தீங்க? நான் பயப்பட வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"பயப்படுங்க. எனக்கும்தான் பயம். ஆனா பிரார்த்தனை பண்ணா எனக்குத் தூக்கம் வரும். வியாதி வந்தா தூக்கம் போயிடும். தூக்கம் போச்சுன்னா நானே ஓடி வரேன். அதுவரைக்கும் என் கடவுள என்கிட்ட விடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "நோன்பு என்னைக்கு வருதுன்னு முன்கூட்டியே சொல்லுங்க. ஒரு வேளை சாப்பாட்ட விடலாம். தண்ணிய விடக் கூடாது. அதுல பேரமே இல்ல" என்றார்.

"தண்ணி குடிச்சா அது நோன்பா டாக்டர்?"

"உங்க கடவுள்கிட்ட கேட்டுக்குங்க. உங்க கிட்னிகிட்ட கேட்டா அது என் பக்கம்தான் பேசும்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். நோயாளியும் டாக்டரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நோன்பு நாள். கூடம் நிரம்பியிருந்தது. பெண்கள் பக்கம் அண்ணிக்குப் பின்னாலேயே நான் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் நின்ற அண்ணி பாட்டைத் தொடங்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மாத்திரையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார், வாயில் போட்டு மடக் மடக்கென்று குடித்தார்.

"நோன்பு நாள்ல இது என்ன அக்கிரமம்?" என்றார் அமைதி அண்ணன்.

"அக்கிரமம் இல்லண்ணே, மாத்திரை. தெனமும் சாப்பிடறேன். இத்தன நாள் இல்லன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன், அதுதான் அக்கிரமம்."

"நம்பிக்கை இல்லாதவங்க முன்வரிசைல நிக்கக் கூடாது."

"நம்பிக்கை இல்லாமலா இத்தன பேர் முன்னாடி இதக் குடிச்சேன்?"

அமைதி அண்ணன் அதிகாரத்தைக் காட்டினார். இடத்தைப் பறித்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் எண்ணத்தில் எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "இடத்ததானே எடுத்தாரு? தொண்டைய எடுக்கலையே."

நேராகக் கடைசி வரிசைக்குப் போய்ச் செருப்பு அலமாரி ஓரமாக நின்றார். முன்னால் அந்தப் பெண் பயந்து பயந்து பாட்டைத் தொடங்கியதும், பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்து அதைத் தாங்கிப் பிடித்தது. தலைகள் திரும்பின. என் அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, அத்தனை பேரும் பார்க்க நடந்து வந்து, அண்ணியின் பாட்டிலை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜென்மத்தில் அவன் செய்த பெரிய கலகம் அதுதான்.

முன்வரிசை இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணி கேட்கவும் இல்லை, கூடத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை.

போன வாரம், பிரார்த்தனை முடிவதற்குள் ஓர் அம்மா கடைசி வரிசைக்கு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அமைதி அண்ணனின் மனைவி. அண்ணியின் காதருகே குனிந்தார். அவர்களுடைய மகள் தூங்குவதே இல்லையாம், அறையை விட்டு வெளியே வருவதும் இல்லையாம், எவ்வளவு பிரார்த்தித்தும் மாற்றம் இல்லையாம். "உன் டாக்டர்... நம்மள மாதிரி ஆளுங்களத் திட்ட மாட்டாராம்மா?"

"மாட்டாரு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நானும் கூட வரேன்" என்றார் அண்ணி, வேண்டுமென்றே சத்தமாக.

அந்த அம்மா பதறி வாயைப் பொத்திக்கொண்டார். முன்னால் நின்றிருந்த அமைதி அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாக் கேக்காதீங்கக்கா" என்றார் அண்ணி. "மெதுவாப் பேசிப் பேசித்தான் நான் சாகப் பாத்தேன்."

அந்த அம்மா தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு கூடம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"