கோவில்பட்டியிலிருந்து ஒரு வெடிப்பு வரை

பத்தொன்பது வயதில் "என் ஒரு வருடத் தொழில் அனுபவம்" என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். கல்லூரிக்குப் போன நேரம் போக, போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை கோவில்பட்டியைச் சுற்றிச் சுவர்ப்படம் வரைந்தேன், பாக்கெட்டுகளுக்கு லேபிள் வரைந்தேன், ஆட்டோ ஒலிபெருக்கிகளுக்கு விளம்பரம் எழுதிக் குரலும் கொடுத்தேன். வீட்டில் இதற்கு வைத்த பெயர் ஊர் மேய்தல். மேய்ந்த இடங்களில் சிலவற்றைத் திரும்ப ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்த கதை இது.

காரணம் ஒரு கடலைமிட்டாய் அண்ணாச்சி. புதிதாக ஒரு மிட்டாய் போடுகிறார். லேபிளுக்கு ஓர் ஆள், சுவர் விளம்பரத்துக்கு ஓர் ஆள், மைக்குக்கு ஓர் ஆள் என்று முடிவு செய்திருந்தார். மூன்றையும் நான்தான் செய்வேன் என்று போய் நின்றேன்.

"மூணையும் ஒரே புள்ளகிட்ட குடுத்தா மூணும் கால் வேக்காடால்லா நிக்கும்" என்றார்.

"போட்டோ அனுப்புதேன் அண்ணாச்சி, பாத்துட்டுச் சொல்லுங்க."

"போட்டோவுல எல்லாரும் அழகுதான். நீ செஞ்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. அங்கன வச்சு சொல்லுதேன்."

மூன்றும் கிடைத்தால் நான் ஒரு தொழில்காரி. ஒன்று மட்டும் கிடைத்தால் பழையபடி "அந்தப் படம் போடுற புள்ள". நிலவரம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை 7.20க்கு எட்டயபுரம் பேருந்து. சுமார் 15 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி என்பதால் எனக்குச் செலவில்லை. அண்ணாச்சிக்கு 15 ரூபாய். தொழில் தொடங்கும் முன்பே லாபத்தில் இருந்தது நான்தான். காலையில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள், இடது ஜன்னலில் முகம் வெந்துவிடும். அறுவடை முடிந்த கரிசல் காடு இரண்டு பக்கமும் வாய் பிளந்து கிடந்தது. அதை வெறும் காட்சியாகப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

எட்டயபுரத்தில் இறங்கி டீ குடிக்கும்போதே என் குரல் எங்களைத் தேடி வந்தது. வெங்காய ஆட்டோ. "வாங்க, வாங்க. உரிக்கும்போது வர்ற கண்ணீர் இலவசம். மாமியாரால வர்ற கண்ணீரையும் இதோட சேர்த்து அழுதுக்கலாம், யாருக்கும் தெரியாது." அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"இதப் போட்டா யாவாரம் ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி. என்ன, மாமியாக்கமாருதான் வாங்க மாட்டேங்காவ."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மீசை மட்டும் லேசாக அசைந்தது. அடுத்தது என் பெருமைக்குரிய சுவர். விளாத்திகுளம் சாலையில் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். பேச்சி அக்காவின் மாவு மில். மார்கழியில் அதன் பக்கச் சுவர் முழுக்க அக்காவின் சிரித்த முகத்தை வரைந்திருந்தேன்.

இறங்கிப் பார்த்தால் அக்கா முகம் இரண்டாக இருந்தது. ஜன்னல் மூலையில் கிளம்பிய வெடிப்பு, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு தாடை வரை இறங்கியிருந்தது. என் விரல் நுழையும் அகலம்.

பேச்சி அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். "வாட்டி, வா. பங்குனியிலேயே மூஞ்சி பொளந்துட்டு. வாரவன் போறவன்லாம் வீட்டுல சண்டையான்னு கேக்கான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கரிசல் மண்ணுல நிக்கிற சுவரு. மழைக்கு மூடும், வெயிலுக்குத் தெறக்கும். மூடிக் கெடக்கும்போது வந்து வரைஞ்சிருக்க. இந்த ஊர்ல பொறந்துட்டு இது தெரியாதா?"

தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரும் அப்படித்தான். வரையும்போது நான் அதைச் சுவராக நினைக்கவில்லை, காகிதமாக நினைத்துவிட்டேன். இதைச் சொல்லி அவரிடம் ஒரு லேபிள்கூட வாங்க முடியாது. அதனால் வெடிப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேல்நோக்கிச் சாய்ந்து, நுனியில் அகன்று, அடியில் ஒடுங்கி இருந்தது. பக்கத்து டீக்கடை அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்று எடுத்து வந்தேன். வெடிப்புக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஒரு கண், மூன்று முடிக் கொண்டை, நீண்ட கழுத்து. வானத்தைப் பார்த்து அகவுகிற மயில். வெடிப்புதான் அதன் திறந்த வாய்.

"மழ பெய்ஞ்சா?" என்றார் அண்ணாச்சி.

"சுவரு மூடும். மயிலும் வாயை மூடிரும். அதுக்கு மழதான வேணும்?"

"ஏட்டி, அப்ப என் மூஞ்சி?" என்றார் பேச்சி அக்கா.

"ஒங்க வாய எந்த மழையாலும் மூட முடியாதேக்கா. அதான் மயிலுக்கு மாத்திட்டேன்."

அக்கா மாவுக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தார். அண்ணாச்சி வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார், பின்னால் நகர்ந்து பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயும் பார்த்தார். திரும்பும் பேருந்தில் பாதி வழியில் திடீரென்று ஆரம்பித்தார்.

"லேபிள்ல கடலச் செடி வேரோட தெரியணும். எங்க குடோன் சுவத்துலயும் நாலு வெடிப்பு கெடக்கு, வந்து பாரு. மைக்குல மட்டும் என்னயக் கேலி பண்ணிராத."

"மத்த ரெண்டும் சரி அண்ணாச்சி. மூணாவதுக்குச் சத்தியம் பண்ண ஏலாது."

இந்த வருடத்தில் நான் வளர்ந்தேனா என்று கேட்டால், வளர்ந்தேன் என்றுதான் சொல்வேன், அடக்கமெல்லாம் வேண்டாம். ஆட்டோவுக்கு எழுதிப் பழகிய குறும்புதான் மயிலுக்கு வாய் வைத்தது. அதைச் சுவரில் கொண்டுவந்தது லேபிள் வரைந்து பழகிய கை. இவை மூன்று வேலைகள் இல்லை என்று அண்ணாச்சிக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை, காட்டத் தெரிந்தது. என்னைப் போல நாலு வேலையில் கை வைக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை செய்த இடங்களுக்குப் போய் வாருங்கள். படம் எடுத்து வைத்த அன்றைக்கே வேலை முடிந்துவிடுவதில்லை.

மயிலைப் பார்க்க நினைப்பவர்களுக்கு (கரிக்கோட்டின் மேல் பெயிண்ட் அடித்தாயிற்று, மழையில் கரையாது): திறந்த வாய் வேண்டுமென்றால் பங்குனி முதல் ஆவணி வரை போகலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மழைக்காலத்தில் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள், கரிசல் மண் செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. ஐப்பசி மழைக்குப் பிறகு போகிறவர்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். வாய் மூடியிருந்தால் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். விரலிடுக்கு அளவு திறந்திருந்தால் எனக்கு மட்டும் சொன்னால் போதும்.