கிணற்றைத் தாண்டிய கோடு

என் கணவர் சிவபாதம் ஒரு கதிரையில் பத்து நிமிடம் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. புகையிலைத் தோட்டத்தை விட்ட பிறகு அந்தரம் இன்னும் கூடிவிட்டது. வேலியை ஆட்டிப் பார்ப்பார், படலையைத் திறந்து மூடுவார், குசினிக்குள் வந்து என் சட்டி மூடிகளைத் தூக்குவார். பிறகு நெஞ்சுவலி வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் வைத்தியர். கனடாவில் இருக்கும் மகன் நிமலன், நடந்த வழியைக் கோடாக வரையும் ஜிபிஎஸ் கைமணிக்கூடு ஒன்றை அனுப்பிவைத்தான்.

எங்கள் ஊர் மடத்துவெளியில் நடப்பதற்கு வீதியா இல்லை? இவரோ எங்கள் காணியையே சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று பொத்தானை அழுத்திப் புள்ளி வைப்பார். பிறகு போனைத் திறந்தால், வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் கூரை, அதைச் சுற்றி இவர் நடந்த நீலக் கோடு.

பக்கத்துக் காணி இவருடைய தங்கை சரோஜினிதேவியுடையது. மாமியின் காணியை இரண்டாகப் பிரித்தபோது கிணறு சரியாக நடுவில் வந்தது. வேலி கிணற்றுக்கட்டில் முட்டி நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். ஊரில் பல கிணறுகள் உவர். இது நல்ல தண்ணீர். மச்சாள் அங்கிருந்து அள்ளுவாள், நான் இங்கிருந்து அள்ளுவேன். எங்கள் கதையெல்லாம் அங்கேதான்.

ஒருநாள் கோடு கிணற்றுக்கு அப்பால் போனது.

"பாரும் மீனா, கிணறு முழுக்க எங்கட பக்கம். இவ்வளவு காலமும் ஏமாந்திருக்கிறம்."

"பேய்க்கதை கதையாதேங்கோ. நாளைக்கும் ஒருக்கா நடந்து பாருங்கோ," என்றேன்.

மறுநாள் கோடு எங்கள் குசினியை வெட்டிக்கொண்டு போனது. மனிதர் அதை அழித்துவிட்டார். தனக்குப் பிடித்த கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற தங்கையிடம் போனை நீட்டினார். வந்த விசரைப் பாருங்கள்.

"அள்ள வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை சரோ. கிணறு ஆருடையது எண்டு தெரிஞ்சிருக்க வேணும், அவ்வளவுதான்."

மச்சாள் வாளித் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து, வீதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரும் நாட்களில் குடத்தோடு வீதியில் நின்றாள். ஊர் பார்த்தது. எனக்கு வெட்கத்தில் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

இவருக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. கடைசியில் நான்தான் நிமலனுக்கு அழைத்துக் கேட்டேன்.

"அம்மா, அது நடக்கிறவைக்கும் ஓடுறவைக்கும் செய்தது. நாலஞ்சு மீற்றர் அங்கால இஞ்சால காட்டும்," என்றான்.

இவரும் பக்கத்தில் நின்று கேட்டார். எங்கள் கிணறு அவ்வளவு அகலமே இல்லை. மணிக்கூட்டைக் கழற்றினார்.

"நீர் ஒருக்காப் போய்ச் சொல்லுமன்."

"எனக்கு ஏலாது. கதைச்ச வாய்தான் போக வேணும்."

இரண்டு வாளி நிறைய அள்ளிக்கொண்டு போனார். நான் வேலிக்கு மேலால் பார்த்தேன்.

"பிழை என்னிலதான் சரோ. இந்தா, தண்ணி."

மச்சாள் வாளிகளை மரியாதையாக வாங்கினாள். அவர் கண்முன்னாலேயே கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் போகவில்லை. வெறும் வாளிகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கட தண்ணி நல்ல தண்ணி அண்ணை," என்றாள்.

மறுநாளும் கொண்டுபோனார். அதற்கடுத்த நாளும். இப்போது அவருடைய நடை அதுதான். மச்சாளின் கத்தரி காய்த்துக் கொட்டுகிறது. முன்பென்றால் முதற்காய் எங்கள் குசினிக்குத்தான் வரும். இப்போது கடைக்குப் போகிறது. நேற்று நான் அங்கே காசு கொடுத்து வாங்கிவந்து குழம்பு வைத்தேன்.

"ஆருடைய தோட்டத்துக் கத்தரிக்காய்?" என்று கேட்டார்.

சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு வாளிகளை எடுத்தார்.