சாரோடு சேர்ந்து சிரித்தேன்

என் மகன் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்குக் கைப்பேசி காரணமில்லை. நான்தான் காரணம். கேட்டவர்களிடமெல்லாம் கைப்பேசி என்றே சொன்னேன். நீங்கள் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்...

அருண் வளர்ந்தது போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கம், அவன் அப்பா வேலை பார்க்கும் ஏலக்காய்த் தோட்டத்தில். கூட விளையாடியவர்கள் மலையாளப் பிள்ளைகள். அவன் தமிழில் அவர்களுடைய சொற்களும் கலந்துவிட்டன. நான் போடியில் பிறந்து பி.ஏ. முடித்தவள். என் பிள்ளை தோட்டத்திலேயே கிடக்கலாமா? கீழே போடிக்குக் கூட்டி வந்தேன், வாடகைக்கு வீடு பிடித்தேன், நல்ல பள்ளியில் சேர்த்தேன். பொறுப்பான தாய் அல்லவா நான்!

முதல் வாரமே, கணக்கு சார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று, "அறியில்ல சார்" என்றிருக்கிறான். தெரியாது என்பதை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று முதல் அவனுக்கு அதுவே பெயர். சாரும் அப்படித்தான் கூப்பிட்டாராம். வீட்டில் வந்து சொன்னான்.

"வெளாட்டுக்குச் சொல்வாங்கப்பு, விடு" என்றேன்.

பெற்றோர் கூட்டத்தன்று சார் அவனை என் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒங்க மகன் பெரிய அறிவாளிம்மா. எதக் கேட்டாலும் ஒரே பதிலுதான். டேய், அம்மாவுக்கு ஒருதரம் சொல்லிக் காமி."

அருண் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் சிரித்தேன்! சிரித்ததோடு விட்டேனா? "மலையில கெடந்த பய சார், அப்பிடித்தான் பேசுவான். நான் போடிக்காரி" என்றேன். என்னையும் தோட்டத்துக்காரி என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். தூ! அந்தக் குழைந்த குரலை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அதன்பின் பையோடு கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். சில நாளில் பையையும் எடுக்கவில்லை. நான் அவன் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் புலம்பினேன். எவ்வளவு வசதியான பொய்!

இப்போது விடியுமுன் ஜீப்பில் மலைக்குப் போகிறான், ஏலச்செடிக்கு மருந்தடிக்க. அவன் சட்டையைத் துவைக்கும்போது குமட்டுகிறது. அது மருந்து நாற்றத்தாலா, என்னாலா?

போன வாரம் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். "பயலத் திருப்பி அனுப்புங்கம்மா. பள்ளிக்கூடத்துல என்னதான் நடந்துச்சு? சொன்னாத்தான எதுவும் செய்ய முடியும்" என்றார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அருணின் கை தட்டில் அப்படியே நின்றது. நான் சொல்லப்போவதைக் கேட்கிறான்... எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒண்ணும் நடக்கல டீச்சர். அவனுக்குப் படிப்பு ஏறல."

அவர் போனபின் உள்ளே போனேன். அருண் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

"காலையில வெரசா எழுப்பி விடும்மா, ஜீப்பு போயிரும்" என்றான்.

எழுப்பிவிட்டேன். இன்றும் எழுப்பிவிட்டேன்.